எட்டாவது மெஷின்

ஏழு மெஷின்களுக்கு நேராக 'ஓடும்' என்றும் எட்டாவதற்கு நேராக 'ஓடாது' என்றும் எழுதி, கீழே தேதி போட்டு, அந்தத் தாளை நான் கொடுத்தபோது கடை முதலாளி கோவிந்தராசு முசியே தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 2004 ஜூலை, இரண்டாவது வியாழக்கிழமை, பகல் ஒன்றரை மணி. இடது கையால் வாங்கி, மூக்குக்கண்ணாடி இல்லாததால் தூரத்தில் பிடித்துப் படித்தார். ஏழு 'ஓடும்' வரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நிறுத்திக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் சட்டைப்பையிலிருந்து விழுந்த ஒரு ஃப்யூஸை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாரே, அதே பார்வை.

"அது மட்டும் இன்னாத்துக்கு ஓடாது?"

"அத கம்ப்யூட்டர்ல ஓட்றது கஷ்டம் முசியே."

"எட்டும் ஓடிட்டா உனுக்குக் கஷ்டம். அதானே பக்கிரி?"

ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். தாளில் ஒரு சொட்டுத் தயிர் விழுந்தது. துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த சொல்தா. பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிற சொல்தாக்கள் ஃப்ரிட்ஜும் சென்ட் பாட்டிலும் கட்டில் மெத்தையும் கொண்டுவருவார்கள். இவர் 1996-இல், அங்கே ஒரு துறைமுக ஊரில் மூடப்போன மதுக்கடை ஒன்றிலிருந்து எட்டு வீடியோ கேம் மெஷின்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சின்ன சுப்பராயப் பிள்ளை வீதியில் இருந்த பூர்வீக வீட்டின் முன்பாகத்தை இடித்து ஹாலாக்கி, மறுவருஷம் கடை திறந்தார். மெஷின்களில் பத்து பிராங்க் காசு போடும் துளைதான் இருந்தது. அதற்குப் பித்தளை வில்லை அடித்து, துளையின் நெம்புகோலை அந்த எடைக்கு மாற்றிக் கொடுத்தது நான். ஒரு மாத வேலை என்று கூப்பிட்டார். ஏழு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய மனைவி ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மகனோடு அங்கே, லியோனிலேயே தங்கிவிட்டார். இவர் மட்டும் இங்கே, மெஷின்களுக்குப் பின்னால் இருந்த அறையில்.

ஒன்று முதல் ஏழு வரை நின்றுகொண்டு ஆடும் பெட்டிகள். கதவைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு போர்டு. அதில் கணக்குப் போட ஒரு சிப், சத்தத்துக்கு ஒரு சிப், அவ்வளவுதான். எட்டாவது வேறு ஜாதி. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும் ரேஸ் கார். வளைவில் இருக்கை சாயும், சுவரில் மோதினால் ஸ்டீரிங் கையை உதறும். அதை உள்ளே கொண்டுவர வாசற்படி நிலையைப் பெயர்க்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரத்திலிருந்துகூட பஸ் ஏறி வருவார்கள். மற்ற ஏழும், எட்டாவதற்கு வரிசையில் நிற்பவர்கள் பொழுது போக்குவதற்காக இருப்பவை என்று சொல்லலாம். அதன் வயிற்றில் நான்கு போர்டுகள் அடுக்குச் சாப்பாட்டுக் கேரியர் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. வருஷத்துக்கு இரண்டு தடவை கழற்றி, பிரஷ்ஷால் தூசு தட்டி, கடல் காற்றில் பச்சை பூத்த ஊசிகளை ரப்பரால் தேய்த்து மாட்டுவேன். எந்த சிப்பின் எந்தக் கால் எங்கே போகிறது என்று ஒரு நோட்டில் வரைந்து வைத்திருந்தேன். யாரும் கேட்டு அல்ல. பழுதானால் பார்க்க அச்சுப் புத்தகம் கிடையாது, அதனால்.

அந்த வருஷம் மே மாதம் முசியேயின் மகன் அன்பழகனிடமிருந்து ஒரு சி.டி. வந்தது. எமுலேட்டர் என்று அதற்குப் பேர். கம்ப்யூட்டரில் அதைப் போட்டால், கம்ப்யூட்டர் தன்னையே அந்த மெஷினாக நினைத்துக்கொண்டு பழைய விளையாட்டை அப்படியே ஓட்டும். எட்டுப் பெட்டி, எட்டு பழைய டி.வி. குழாய், மின்சாரம், மெக்கானிக், எதுவும் வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர் போதும் என்று கடிதத்தில் எழுதியிருந்தானாம். 'மெக்கானிக்' என்ற வார்த்தையை முசியே படித்துக் காட்டவில்லை, பக்கத்தில் நின்ற என் கண்ணில்தான் பட்டது. அந்த வரியில் ஒரு நொடி நின்று தாண்டிப் போனார். எங்கள் ஊர் அண்ணா சாலையில் முஹம்மது ஆரிப் கடையில் சொல்லி, அப்போது கிடைத்ததிலேயே பெரிய கம்ப்யூட்டராக அசெம்பிள் செய்து வாங்கி வந்தோம். எட்டு விளையாட்டையும் அதில் ஏற்றி, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை.

செய்தேன். ஒரு மெஷினுக்கு ஐந்து நாள். அசல் பெட்டியையும் கம்ப்யூட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆடிப் பார்த்தேன். மூன்றாவதில் வானம் பச்சையாக வந்தது. அதை அப்படியே 'ஓடாது' என்று எழுதியிருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து தேடி, செட்டிங்கை மாற்றி வானத்தை நீலமாக்கினேன். ஐந்தாவதில் துப்பாக்கிச் சத்தம் முன்னாலேயே கேட்டது. அதையும் சரிசெய்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டே என் குழியை நானே அளந்து வெட்டினேன் என்று என் மனைவி தையல்நாயகி பிறகு சொன்னாள். ஆனால் எட்டாவது ஓடவில்லை. ஓடவில்லை என்றால், ஓடத்தான் செய்தது. பேட்டரி தீர்ந்த டேப்ரெக்கார்டர் பாடுகிற மாதிரி. திரையின் மூலையில் எமுலேட்டர் தன் வேகத்தைக் காட்டும். மற்ற ஏழிலும் அங்கே நூறு. எட்டாவதில் பதினொன்று.

தாளைக் கொடுத்த அன்று சாயங்காலம் வாயால் சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் புரிகிற மாதிரி எதைச் சொல்லலாம் என்று மத்தியானம் பூராவும் யோசித்து வைத்திருந்தேன்.

"முசியே, இந்த வீட்ட உங்க பேருக்கு மாத்தும்போது பத்திரம் எழுதற நோத்தேர் ஆபீசுக்குப் போனீங்க இல்ல? பத்திரம் பூரா பிரெஞ்சுல. உங்க அண்ணன் தம்பிங்க சொன்னத எல்லாம் ஒருத்தர் நடுவுல நின்னு மாத்தி மாத்தி சொன்னாரு."

"எங்க அண்ணன் தம்பிங்களுக்குத் தமிழ்ல, நோத்தேருக்குப் பிரெஞ்சுல. ஆமா. காலைல போயி பொழுது சாஞ்சி வந்தேன்."

"நேராப் பேசியிருந்தா எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிசம்."

"அதான் எமுலேட்டரு. இந்த சிப்பு பேசற பாஷ கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஒவ்வொரு வார்த்தையா மாத்தி மாத்திதான் செய்யும். ஏழு பொட்டியில ஒருத்தர் ரெண்டு பேரு, அதுவும் மெதுவாப் பேசறவங்க. சமாளிச்சிடுது. எட்டாவதுல நாலு பேரு ஒரே நேரத்துல பேசறாங்க. நாலும் நாலு பாஷ. ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் காதுல சரியான நொடியில விழலன்னா அவுரு அப்டியே நின்னுடுவாரு. நாலு பேருக்கும் நடுவுல ஒரே ஆளு ஓடறான். அதுல ஒரு சிப்பு அந்தக் கம்பெனிக்காரன் தனக்குன்னே செஞ்சது. அந்த பாஷைக்கு டிக்ஷனரியே கெடையாது. எமுலேட்டர எழுதினவங்க வெளியிலேர்ந்து பாத்து ஊகிச்சித்தான் எழுதியிருக்காங்க."

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்காமல் இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கசந்திருக்காது.

"நல்லா சொல்ற," என்றார். "அன்னிக்கி பவர் சப்ளை போயிடுச்சின்னும் இதே மாதிரி நல்லாத்தான் சொன்ன."

அது 2001, ஆடி ஐந்தாம் வெள்ளி, வீராம்பட்டினம் தேர். என் மாமனார் வீடு அங்கே. தேருக்கு வருகிற கூட்டம் டவுனுக்குள்ளும் வரும் என்று முசியே எனக்கு லீவு தரவில்லை. காலையில் மெயின் ஃப்யூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பவர் சப்ளை போய்விட்டது, கடலூரிலிருந்து சாமான் வர வேண்டும் என்றேன். மறுநாள் குனிந்தபோது விழுந்தது. ஏழு வருஷத்தில் நான் சொன்ன ஒரே பொய். அது என்னோடு வேலைக்குச் சேர்ந்துவிட்டது. எனக்கு முன்னால் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

சொல்லித் தீராததை எழுதித் தீர்க்கலாம் என்று நினைத்தேன். நான்கு பக்கம் எழுதினேன். முதல் பக்கத்தில் ஏழு மெஷின்களில் என்ன சிப், எத்தனை, கம்ப்யூட்டரில் என்ன வேகம் என்று கட்டம் போட்டேன். இரண்டாம் பக்கத்தில் எட்டாவதின் நான்கு போர்டுகளையும் படமாக வரைந்தேன். மூன்றில், ஏன் இன்னும் பெரிய கம்ப்யூட்டர் வந்தாலும் இப்போதைக்கு முடியாது என்று எழுதினேன். நான்காவதில் என் யோசனை: ஏழையும் விற்றுவிடலாம், கம்ப்யூட்டரே போதும், எட்டாவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் கடை, எனக்கு வாரத்தில் இரண்டு நாள் சம்பளம் கொடுத்தால்கூடப் போதும். கடைசி வாக்கியத்தை எழுதியிருக்கக் கூடாது. அதுதான் மற்ற மூன்றே முக்கால் பக்கத்தையும் பொய்யாக்கியது. முசியே முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பினார்.

"அன்பு வர்றான், ஆகஸ்ட் ஒம்போது. அவன் படிச்சவன். அவன் பாத்து சொல்லட்டும்," என்று மடித்து டிராயரில் வைத்தார்.

தையல்நாயகி சேதராப்பட்டில் ஒரு ஃபேக்டரியில் பேக்கிங் லைனில் இருந்தாள். அன்று வேனை விட்டு இறங்கி வந்தவளிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்.

"பொய் சொல்லி வேலய காப்பாத்திக்கினவன பாத்திருக்கேன். நெசத்த சொல்லிப் போக்கிக்கினவன் நீ ஒருத்தன்தான்யா."

"அவுரு புள்ள வந்தா புரியும். படிச்சவன்."

"எங்க லைன்ல நாலு பேரு செஞ்சத இப்ப ரெண்டு பேரு செய்றோம். முடியாதுன்னு சூப்பர்வைசருக்குத் தெரியாதா? அவனும் படிச்சவன்தான்." காம்பைத் தூக்கி எறிந்தாள். "ஏழுலயும் ஓடாதுன்னு எழுதியிருக்கணும். எட்டையும் ஓடாதுன்னு சொல்றவன நம்புவாங்க. ஒன்ன மட்டும் சொல்றவன நம்ப மாட்டாங்க."

அன்பழகன் வந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தமிழ் அவன் அம்மா பேசுகிற தமிழ். 'ர' மட்டும் தொண்டையிலிருந்து வந்தது. வந்த மறுநாளே ஹாலுக்கு வந்து என் கடிதத்தை நின்றபடியே படித்தான். நான்கு பக்கமும். இரண்டாம் பக்கத்துக்கு ஒருதரம் திரும்பிப் போனான்.

"இந்தச் சிப்புக்குப் புத்தகமே இல்லன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் எப்படி வரைஞ்சீங்க?"

"ஒவ்வொரு காலையும் மீட்டர் வெச்சி தொட்டுப் பாத்தேன் தம்பி. நூத்தி அறுபது காலு."

"எத்தன நாள் ஆச்சு?"

"ரெண்டு மழக்காலம்."

அவன் விசிலடித்தான். ஏழு வருஷத்தில் அந்தப் பெட்டியின் உள்ளே இருப்பதைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள். எட்டாவதைத் திறந்து காட்டினேன். டார்ச் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தான். 'இதற்கும் அதற்கும் நடுவில் என்ன ஓடுகிறது' என்று அவன் கேட்க, நான் சொல்ல, அவன் சரியான அடுத்த கேள்வியைக் கேட்க, எனக்கு உள்ளே ஏதோ இளகிக்கொண்டு வந்தது. பிழைத்தோம் என்று நினைத்தேன். டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். சரி என்றான்.

டீயோடு திரும்பி வந்தபோது அவன் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். விரல்கள் வேகமாகப் போய்க்கொண்டிருந்தன. என்ன செய்கிறான் என்று பின்னால் நின்றே பார்த்தேன், தெரிந்தது. முதலில் சத்தத்தின் சிப்பை மொத்தமாக நிறுத்தினான். பிறகு படங்களை உதிர்த்தான்: பன்னிரண்டு படம் வர வேண்டிய இடத்தில் இரண்டைக் காட்டிவிட்டுப் பத்தைத் தூக்கிப் போடும்படி. மூன்றாவதாக, கணக்குப் போடும் சிப்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தான். நான்கு பேரில் ஒருத்தன் வாயைக் கட்டி, ஒருத்தனைப் பாதித் தூக்கத்தில் வைத்து, மற்றவர்கள் சொன்னதில் ஆறில் ஒன்றை எழுதிக்கொண்டால், நடுவில் நின்று மொழிமாற்றும் துபாஷுக்கு வேலை சுலபம்தானே. மூலையில் எண் ஏறியது. நாற்பது, எழுபது, நூறு. கார் சாலையில் தாவித் தாவிப் போனது, இங்கே இருந்தது அடுத்த நொடி அங்கே. வேறு கார் ஒன்றையும் காணோம்.

"பாப்பா!" என்று உள்ளே பார்த்து, பிரெஞ்சு வழக்கப்படி அப்பாவைக் கூப்பிட்டான். முசியே வந்தார். இவன் மூலையைத் தொட்டுக் காட்டினான். "வுவாலா. சாங் பூர் சாங்." இதோ, நூற்றுக்கு நூறு. அந்த அளவு பிரெஞ்சு எனக்கும் வந்திருந்தது.

"சவுண்டு எங்க முசியே?" என்றேன். "வேற காரு எங்க? பாருங்க, குதிக்குது."

முசியே திரையைப் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்தார், அப்புறம் என்னை. அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

"ஃப்யூஸு," என்றார். அந்த ஒரு வார்த்தைதான். உள்ளே போய்விட்டார்.

பின்கட்டில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் அன்பழகன் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். போனேன். அவனே ஆரம்பித்தான்.

"நீங்க எழுதினது எல்லாம் சரி. அங்க எனக்குத் தெரிஞ்ச பசங்ககூட இவ்ளோ தெளிவா எழுத மாட்டாங்க."

"அப்ப அவுருகிட்ட சொல்லு தம்பி."

"சொன்னா அந்தக் காரு இருக்கும். காரு இருந்தா கட இருக்கும். கட இருந்தா அவரு எங்ககூட வரமாட்டாரு." புகையை வேறு பக்கம் விட்டான். "மார்ச் மாசம் பாத்ரூம்ல விழுந்தாரே, உங்களுக்குத் தெரியும். நீங்கதான் தூக்கினீங்க. அம்மா அங்க தெனம் அழுவுது. கம்ப்யூட்டர்ல நாலு நாள் ஆடிப் பாப்பாங்க, அப்புறம் ஒருத்தனும் வரமாட்டான். அவரே மூடிட்டு வந்துடுவாரு. நான் மூடச் சொன்னா மூட மாட்டாரு."

அவன் சொன்னதில் பொய் இல்லை. மார்ச்சில் நான்தான் தூக்கினேன். ஈரத் துண்டோடு, எலும்பு மட்டுமாக இருந்தார்.

"உங்க அப்பாவ நீ கூட்டினு போறதுக்கு நான் பொய்யனா ஆவணுமா?"

சிகரெட்டை அணைத்துவிட்டு, "உங்களுக்கு நல்ல செர்த்திபிக்கா எழுதித் தர்றேன். பிரெஞ்சுல," என்றான். சர்டிபிகேட்டைச் சொன்னான். சேதராப்பட்டில் செக்யூரிட்டி வேலைக்குப் போனால் அதை யாரிடம் காட்டுவது என்று கேட்க நினைத்தேன்.

அடுத்த புதன்கிழமை எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்திலிருந்து பழைய சாமான் எடுப்பவர் டெம்போவோடு வந்தார். ஏழு பெட்டிகளும் ஒரு மணி நேரத்தில் ஏறிவிட்டன. எட்டாவதைக் கழற்றாமல் நகர்த்த முடியாது. அதன் போல்ட் எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருத்தன், அதனால் அதையும் நானே கழற்ற வேண்டியதாயிற்று. இருக்கையை எடுத்தேன், ஸ்டீரிங்கை எடுத்தேன். "இரும்பு எவ்ளோ தேறும்ணே?" என்று டெம்போக்காரர் கேட்டார். வயிற்றைத் திறந்து நான்கு போர்டுகளையும் வெளியே எடுத்தேன். "இத இங்கயே போட்டுடுங்க, எனக்கு வேணாம்," என்றார். ஜன்னல் மேடையில் வைத்தேன்.

அன்பழகன் லாஸ்பேட்டையில் ஒரு உறவுக்காரர் வீட்டு விருந்துக்குப் போயிருந்தான். முசியே தனியாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் ஆடி நான் பார்த்ததே இல்லை. இரண்டு அம்புக்குறி விசைகளை மாற்றி மாற்றி அழுத்தினார். கார் தாவியது, சுவரில் இருந்தது. தாவியது, மறுபடி சுவரில் இருந்தது. சத்தமில்லாத ஹாலில் விசை தட்டுகிற ஒலி மட்டும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் தன் கையையே குற்றம் சொல்கிறவர் போல விரலை உதறிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். "ஒரு நிமிசம் முசியே," என்று அவர் தோளுக்கு மேலே கையை நீட்டி, அன்பழகன் அடைத்து வைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். சத்தம். படம். வேகம். விளையாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. மூலையில் பதினொன்று.

"இதான் முசியே நெசம். இவ்ளோதான் இதால முடியும். நான் சொன்னது இதத்தான்."

ஸ்பீக்கரிலிருந்து ஆழ்கிணற்றில் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல ஒரு ஒலி வந்து, இழுத்து, நின்று, மறுபடி வந்தது. முசியே திரையைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். விசைகள் மேலிருந்து நான் இன்னும் கையை எடுக்காததைப் பார்த்தார்.

"நல்லா ஓடினிருந்தது," என்றார். குரல் மெலிந்திருந்தது. "நல்லா ஓடினிருந்ததப் போயி இன்னாடா பண்ண?"

வெளியே டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். நான் கையை எடுத்துக்கொண்டேன். திரையில், புறப்படும் கோட்டருகே கொடியசைக்கும் பெண் தோன்றியிருந்தாள். அசல் மெஷினில் அவளைப் பார்த்ததாகவே யாருக்கும் நினைவிருக்காது. கொடி இறங்கி, கார்கள் சீறிவிடும். இங்கே அவள் கை மெல்ல மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது. முகத்தில் பாதிச் சிரிப்பு வந்திருந்தது, மீதி இன்னும் வரவில்லை. அவள் பின்னால் கார்கள் எல்லாம் வந்து சேர்ந்து வரிசையாக நின்றன. முசியே இரண்டு விரல்களையும் அம்புக்குறிகளின் மேல் தயாராக வைத்துக்கொண்டு, அந்தக் கொடி கீழே வரட்டும் என்று காத்திருந்தார்.